டயர் காற்று விளக்கு எரிந்தால்: ஒரு முழுமையான வழிகாட்டி

மார்கழி மாதம், விடியற்காலை ஐந்தரை மணி. வேலூரில் மாமனார் வீட்டிலிருந்து ரத்தினகிரி கோயிலுக்குக் கிளம்பினோம். தெருமுனை தாண்டுவதற்குள் மீட்டரில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி. வண்டியை ஓரங்கட்டினேன். மாமனார் இறங்கி நான்கு டயரையும் காலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு மாப்பிள்ளை, எடுங்க போலாம்" என்றார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் விளக்கு தானாகவே அணைந்தது. "நான் சொன்னேன்ல" என்றார்.

அவர் சொன்னதும் சரி, விளக்கு சொன்னதும் சரி. பஞ்சர் எதுவும் இல்லை. ஆனால் நான்கு டயரிலும் காற்று குறைவாகத்தான் இருந்தது. பழைய கால டயர்போல டியூப்லெஸ் ரேடியல் டயர் காற்று குறைந்ததும் தளர்ந்து காட்டாது. 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்கவேண்டிய இடத்தில் 25 இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நன்றாகச் சப்பிப்போனது தெரிகிறது என்றால் அது 20-க்கும் கீழே போயிருக்கும். காலால் தட்டிப் பார்ப்பதால் செருப்பு தேயும், வேறு பலன் இல்லை.

விளக்கு எதைப் பார்த்து எரிகிறது

இந்த அமைப்புக்கு டிபிஎம்எஸ், அதாவது டயர் காற்றழுத்தக் கண்காணிப்பு அமைப்பு, என்று பெயர். இதில் இரண்டு வகை உண்டு. உங்கள் காரில் இருப்பது எது என்று தெரியாமல் மேலே படிப்பதில் பயனில்லை, ஏனென்றால் இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு.

முதல் வகை நேரடி வகை. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும், பெரும்பாலும் வால்வின் அடிப்பகுதியோடு சேர்த்து, ஒரு சின்ன சென்சார் இருக்கும். அது உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்து, 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் காருக்கு அனுப்பும். நிறுத்தி வைத்திருக்கும்போது பேட்டரியை மிச்சப்படுத்தத் தூங்கிவிடும். அதனால்தான் காலையில் வண்டியை எடுத்தவுடன் திரையில் எண்களுக்குப் பதில் கோடுகள் மட்டும் தெரியும், கொஞ்சம் ஓடிய பிறகே எண் வரும். ஹூண்டாய், கியா கார்களில் 'ஹைலைன்' என்று சொல்லி விற்பது இந்த வகை. எந்தச் சக்கரத்தில் எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும்.

இரண்டாவது மறைமுக வகை. இதில் சக்கரத்துக்குள் எதுவும் கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்காக (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக்) ஏற்கெனவே இருக்கும் சக்கர வேக சென்சார்களையே இதற்கும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். காற்று குறைந்த டயரின் ஆரம் ஒரு நூல் அளவு குறையும். அதே தூரத்தைக் கடக்க அது மற்ற மூன்றையும்விடக் கொஞ்சம் அதிகமாகச் சுற்றவேண்டியிருக்கும். அந்த வித்தியாசத்தைக் கணினி கண்டுபிடிக்கும். டாடா கார்களில் 'ஐடிபிஎம்எஸ்' என்று இருப்பது இதுதான். மலிவு, பேட்டரி தீரும் கவலை இல்லை. ஆனால் இதற்குக் காற்றின் அளவு தெரியாது. வித்தியாசம் மட்டும்தான் தெரியும். நான்கு டயரும் ஒரே சீராக இறங்கினால், குறிப்பாகப் பழைய அமைப்புகள், ஏமாந்துபோகும்.

கண்டுபிடிக்க எளிய வழி: திரையில் நான்கு சக்கரத்துக்கும் நான்கு எண் வந்தால் நேரடி வகை. எண்ணே இல்லாமல் விளக்கு மட்டும் எரிந்து, மெனுவில் 'செட்' அல்லது 'ரீசெட்' என்று இருந்தால் அநேகமாக மறைமுக வகை.

இந்த விளக்கு வந்த கதை ஒரு பக்கம். 1986-இல் போர்ஷே 959 என்ற பந்தய வேகக் காரில் ஆடம்பர வசதியாக இருந்தது, பிறகு சட்டமானது. ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து வண்டிகள் உருண்டு பலர் இறந்ததைத் தொடர்ந்து, அமெரிக்காவில் 2000-இல் சட்டம் வந்தது; 2007 செப்டம்பர் முதல் அங்கே எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம். ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல். இந்தியாவில் 2020-இல் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் செய்தார்கள்: டியூப்லெஸ் டயரும், பஞ்சர் ஒட்டும் கிட்டும், டிபிஎம்எஸ்ஸும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம்.

அமெரிக்க விதியில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பரிந்துரைத்த அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரியவேண்டும் என்கிறது அது. 33 பிஎஸ்ஐ என்றால் 25-க்குக் கிட்டே வந்த பிறகுதான். ஐரோப்பிய விதி 20 சதவீதம். அதாவது 26 சொச்சம். எப்படிப் பார்த்தாலும் இந்த விளக்கு தாமதமாகத்தான் எரியும். 28-இல் ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு அது ஒன்றும் சொல்லாது. விளக்கு எரியவில்லை என்பதற்கு, காற்று சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

முதல் வேலை: எரிகிறதா, சிமிட்டுகிறதா என்று பாருங்கள்

சாவி போட்டவுடன் எல்லா விளக்கும் இரண்டு மூன்று விநாடி எரிந்து அணையும். அது வழக்கமான சோதனை, விட்டுவிடுங்கள்.

அணையாமல் நிலையாக எரிந்தால் காற்று குறைவு. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் சிமிட்டிவிட்டுப் பிறகு நிலையாக நின்றால், பெரும்பாலான கார்களில் அது காற்றுப் பிரச்சினை இல்லை, அமைப்பிலேயே கோளாறு. சென்சார் பேட்டரி தீர்ந்திருக்கலாம் (ஐந்து முதல் பத்து வருடம் வரும், அடைத்து வைத்தது என்பதால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, சென்சாரையே மாற்றவேண்டும்), பஞ்சர் கடையில் உடைந்திருக்கலாம், அல்லது சென்சார் இல்லாத ஸ்டெப்னி மாட்டியிருப்பீர்கள். சிமிட்டுகிற காரை ஓட்டலாம். ஆனால் கோளாறைச் சரிசெய்யும்வரை டயரைக் கவனிக்க ஆளில்லை என்பதால் கையால் அளந்துகொள்ளுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது எரிந்தால்

பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, ஆக்சிலரேட்டரை மெதுவாக விட்டு, வேகத்தைக் குறையுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, 'டப் டப்' என்று சத்தம் வருகிறதா, பின்பக்கம் ஆடுகிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் 50, 60-க்குள் ஓட்டி அடுத்த பங்க் வரை போகலாம். இருந்தால் இடது ஓரமாக, முடிந்தவரை சாலையை விட்டு இறக்கி நிறுத்துங்கள். நான்கு பக்க இண்டிகேட்டரைப் போட்டு, டிக்கியில் இருக்கும் முக்கோணத்தைக் கொஞ்ச தூரம் பின்னால் கொண்டுபோய் வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அழைத்தால் உதவி வரும். வலது பக்கச் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால், லாரிகள் உரசிப்போகும் இடத்தில் உட்கார்ந்து ஜாக்கி போடாதீர்கள். டயர் போனால் போகிறது, சப்பிய டயரிலேயே ஊர்ந்து பத்திரமான இடத்துக்கு நகருங்கள்.

எண் காட்டும் கார் என்றால் வேலை சுலபம். 33-இலிருந்து 26-க்கு வந்து அங்கேயே நிற்கிறதா, கண்ணெதிரே 26, 24, 21 என்று இறங்குகிறதா? நின்றால் அவசரமில்லை. இறங்கினால் இப்போதே நிறுத்தவேண்டும்.

குறைந்த காற்றில் ஏன் ஓட்டக்கூடாது என்பதற்கு ஒரு கணக்கு. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சாதாரணக் கார் டயர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 முறை சுற்றும். காற்று குறைந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டு ரப்பர் மடிந்து நிமிரும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் வளைந்த இடம் சூடாகுமே, அதுதான் நடக்கிறது. சித்திரை வெயிலில் தார் சாலையும் கொதிக்கும்போது அந்தச் சூடு ரப்பருக்குள் இருக்கும் இழைகளைப் பிரித்துவிடும். அப்புறம்தான் வெடிப்பு. "வெயில் காலம், காத்து கம்மியா வைங்க, இல்லைனா வெடிச்சிடும்" என்று பங்கில் சொல்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்கள். கம்மியாக வைத்தால்தான் வெடிக்கும்.

சரியான அளவு எது

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் கதவின் விளிம்பில் அல்லது பெட்ரோல் மூடியின் உள்பக்கம். முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று. ஆள் குறைவாக இருக்கும்போது ஒரு அளவு, ஐந்து பேரும் பெட்டியும் ஏறும்போது வேறு அளவு. குடும்பத்தோடு வெளியூர் போகும்போது இரண்டாவதைத்தான் பார்க்கவேண்டும்; பாதிப் பேர் அதைக் கவனிப்பதே இல்லை.

டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது இது அல்ல. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. 'மேக்ஸ் 51 பிஎஸ்ஐ' என்று படித்துவிட்டு 50 அடித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சாலையைத் தொடும் பரப்பு சுருங்கி, மழையில் பிரேக் பிடிக்காது.

ஸ்டிக்கரில் பிஎஸ்ஐ இல்லாமல் 'பார்' அல்லது 'கிலோபாஸ்கல்' என்று இருந்தால் குழம்பவேண்டாம். 1 பார் என்பது 100 கிலோபாஸ்கல், அதுவே 14.5 பிஎஸ்ஐ. 2.3 பார் என்றால் 33 பிஎஸ்ஐ.

அளப்பதும் நிரப்புவதும்

ஸ்டிக்கரில் இருப்பது குளிர்ந்த டயருக்கான அளவு. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்கவேண்டும், அல்லது ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக்கூடாது. வெயிலில் நின்ற பக்கத்து டயர்கூட நிழல் பக்கத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். ஓடிச் சூடானால் 4, 5 பிஎஸ்ஐ ஏறிவிடும்.

இப்போது வேலூர் விளக்குக்கு வருவோம். புரட்டாசியில் ஒரு நாள் மதியம், நெடுந்தூரம் ஓட்டிவந்த கையோடு பங்கில் 33 அடித்திருந்தேன். டயருக்குள் அப்போது 50 டிகிரியாவது இருந்திருக்கும். மார்கழி விடியலில் அது 18 டிகிரி. சூடு குறைந்தால் அழுத்தமும் குறையும். கணக்குப் போட்டால் அந்த 33 வெறும் 28-தான். அதன்மேல் எந்த நல்ல டயரும் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை பிஎஸ்ஐ தானாகவே இழக்கும். இரண்டு மூன்று மாதத்தில் 26. விளக்கு எரிந்தது. கொஞ்சம் ஓடியதும் டயர் சூடேறி அளவு கூடியது, விளக்கு அணைந்தது. நாள் முழுக்க குறைந்த காற்றில்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம், விளக்கு மட்டும் காலையில் எழுந்து உண்மையைச் சொல்லிவிட்டுப் போனது. காலையில் எரிந்து பிறகு அணையும் விளக்கை "சரியாகிவிட்டது" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே சொந்தமாகக் காற்றழுத்தம் அளக்கும் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பங்கில் இருக்கும் மீட்டருக்கும் இன்னொரு பங்க் மீட்டருக்கும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். சிகரெட் லைட்டரில் செருகும் 12 வோல்ட் கம்ப்ரஸர் இருந்தால் வீட்டு வாசலிலேயே காலையில் வேலை முடியும். இல்லையென்றால் பக்கத்துப் பங்குக்குப் போகலாம். பெட்ரோல் போடாவிட்டாலும் காற்று இலவசம், அது அவர்கள் கொடுத்தே ஆகவேண்டிய வசதி.

பங்க் தூரமாக இருந்து, போவதற்குள் டயர் சூடாகிவிட்டால்? ஸ்டிக்கர் அளவைவிட 4 பிஎஸ்ஐ கூட்டி நிரப்பிவிட்டு, மறுநாள் காலை குளிர்ந்த பிறகு அளந்து சரிசெய்யுங்கள். சூடான டயரில் கூடுதலாக இருக்கிறதே என்று காற்றைத் திறந்துவிடுவது மட்டும் கூடாது. நான் புரட்டாசியில் செய்த தப்பின் அண்ணன் அது.

நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்பார்கள். நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரம் இருக்காது, கசிவு கொஞ்சம் மெதுவாக இருக்கும், அவ்வளவே. நைட்ரஜன் டயரில் சாதாரணக் காற்றைச் சேர்த்தால் எதுவும் ஆகாது. விளக்கும் அதற்காக எரியாது.

நிரப்பி முடித்ததும் வால்வு மூடியை மறக்காமல் போடுங்கள். நேரடி சென்சார் உள்ள உலோக வால்வுகளுக்கு பிளாஸ்டிக் மூடியே நல்லது. பளபளப்பான பித்தளை மூடி அலுமினிய வால்வோடு அரித்து ஒட்டிக்கொண்டால் கழற்றும்போது வால்வே முறியும்.

ரீசெட் செய்வது, செய்யக்கூடாதது

நேரடி வகையில் காற்று சரியானதும் சில நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் தானாகவே அணையும். மறைமுக வகையில் நீங்கள்தான் சொல்லவேண்டும்: "இப்போது நான்கும் சரியாக இருக்கிறது, இதை மனதில் வைத்துக்கொள்." ஸ்டீயரிங்கின் கீழே அல்லது கையுறைப் பெட்டிக்குள் ஒரு பொத்தான், அல்லது திரையில் வாகன அமைப்புகள் பகுதியில் ஒரு வரி. வண்டி நின்றிருக்க, இன்ஜின் சாவி போட்டிருக்க, அழுத்திப் பிடித்தால் ஒப்புக்கொள்ளும். சரியான இடம் உங்கள் கையேட்டில் இருக்கும். அதன் பிறகு பல வேகங்களில் கொஞ்ச நேரம் ஓடித்தான் அது புதிய கணக்கைக் கற்றுக்கொள்ளும்.

டயர் மாற்றினாலும், முன்பின் சக்கரங்களை இடம் மாற்றினாலும், காற்று நிரப்பினாலும் மறைமுக வகைக்கு ரீசெட் தேவை.

காற்றை அளக்காமல் ரீசெட் அழுத்துவதுதான் இந்த விஷயத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய தப்பு. 26-இல் இருக்கும்போது அழுத்தினால், 26-தான் சரியான அளவு என்று கார் நம்பிவிடும். அதன் பிறகு 21 வரை போனால்தான் வாய் திறக்கும். என் நண்பர் ஒருவரின் காருக்கு ஒரு சர்வீஸ் சென்டரில் இதைத்தான் செய்தார்கள். பில்லில் 'டயர் வார்னிங் சரிசெய்யப்பட்டது' என்று ஒரு வரி. வீட்டுக்கு வந்து கேஜ் வைத்தால் பின் இடது டயரில் 23. பில் போட்டவர் சரிசெய்தது விளக்கைத்தான்.

இரண்டு நாளில் மறுபடி எரிந்தால்

நான்கு டயரையும் சரியாக நிரப்பி, அளவை எழுதி வைத்து, இரண்டு நாள் கழித்து அளந்து பாருங்கள். நான்கும் ஒன்றுபோல இறங்கியிருந்தால் அது வெப்பநிலை. ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அதில் கசிவு இருக்கிறது.

முதலில் வால்வு. விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்துக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பது பஞ்சர் கடைக்காரர்களின் பழைய வித்தை. இன்றும் அதைவிட வேகமான சோதனை இல்லை. வந்தால் உள்ளே இருக்கும் வால்வு ஊசியைத் திருகி இறுக்கினாலோ, மாற்றினாலோ போதும், சில ரூபாய் வேலை. அடுத்தது சோப்புத் தண்ணீரை டயர் முகம் (சாலையைத் தொடும் பகுதி) முழுக்கத் தெளித்துப் பார்ப்பது. ஆணி குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள். ஆணியே அடைப்பாக இருக்கும், கடைக்குப் போகும்வரை இருக்கட்டும். முகத்தில் எதுவும் இல்லையென்றால் ரிம்மும் டயரும் சேரும் விளிம்பு. பள்ளத்தில் இறங்கி வளைந்த அலாய் வீலிலும், துருப்பிடித்த இரும்பு ரிம்மிலும் இங்கேதான் காற்று போகும். இதற்கெல்லாம் பிடிபடாத கசிவைக் கடைக்காரர் சக்கரத்தைத் தண்ணித்தொட்டியில் முக்கினால் கண்டுபிடித்துவிடுவார்.

டயரின் முகத்தில் உள்ள ஓட்டையை ஒட்டலாம். வெளியிலிருந்து திரி செருகுவது அவசரத்துக்கு நல்லது. உள்ளே இருந்து காளான் வடிவ பேட்ச் போடுவது நிலைக்கும். பக்கவாட்டில் ஓட்டை என்றால் ஒட்டவே கூடாது, எத்தனை பேர் ஒட்டித் தருகிறேன் என்றாலும்.

நேரடி சென்சார் இருந்தால், டயரைக் கழற்றுவதற்கு முன்பே "அண்ணே, வால்வுகிட்ட உள்ள சென்சார் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். இயந்திரத்தின் அழுத்தும் கையையோ இரும்புக் கம்பியையோ வால்வுக்குப் பக்கத்தில் வைத்தால் சென்சார் உடைந்துவிடும். பஞ்சர் ஒட்டும் பசைத் திரவத்தை உள்ளே ஊற்றுவதையும் சென்சார் உள்ள சக்கரத்தில் தவிர்த்துவிடுங்கள், அதன் துளை அடைத்துக்கொள்ளும். வேறு வழியில்லாத இரவில் ஊற்றித்தான் ஆகவேண்டும் என்றால் ஊற்றுங்கள். அடுத்த முறை டயரைக் கழற்றும்போது சென்சாரைத் துடைக்கச் சொல்லுங்கள்.

மலை ஏறும்போது ஒரு வேடிக்கை

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகிறீர்கள். 320 மீட்டரில் 35 டிகிரி வெயிலில் கிளம்பி 2,240 மீட்டரில் 12 டிகிரிக் குளிரில் இரவு தங்குகிறீர்கள். குளிரில் சுருங்குவதால் 33 பிஎஸ்ஐ டயர் மூன்றரை அளவுக்கு இறங்கவேண்டும். ஆனால் மேலே வெளிக்காற்றின் அழுத்தமும் மூன்று பிஎஸ்ஐ குறைந்துவிடும். கேஜ் காட்டுவது உள்ளேயும் வெளியேயும் உள்ள வித்தியாசத்தை என்பதால் இரண்டும் கிட்டத்தட்ட கழிந்து, ஊட்டியில் அளந்தாலும் 32 சொச்சம் காட்டும். ஆனால் வெளிக்காற்றைக் கணக்கில் எடுக்காத சில சென்சார்கள் 29 என்று சொல்லும். ஏற்கெனவே ஓரிரண்டு பிஎஸ்ஐ குறைவாக இருந்த டயர் என்றால் அது எல்லைக்கு அருகே போய்விடும், விடியலில் விளக்கு எரியும். திரையும் கையில் உள்ள கேஜும் மலையில் சண்டை போட்டால் நான் கேஜைத்தான் நம்புவேன்.

இந்த வசதி இல்லாத கார்

வெளியே வாங்கிப் பொருத்தலாம். வால்வு மூடிக்குப் பதில் திருகும் வகையை ஐந்து நிமிடத்தில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த மூடி வால்வு ஊசியை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும், ஆகவே மூடியின் ரப்பர் கசிந்தால் டயரே கசியும். தெருவில் நிறுத்தும் வண்டி என்றால் யாராவது திருகிக்கொண்டும் போவார்கள். டயருக்குள் பொருத்தும் வகைக்குச் செலவு கூடுதல். அடுத்த முறை டயர் மாற்றும்போது சேர்த்துச் செய்துகொள்வது நல்லது. எதுவும் வேண்டாம் என்றால் கேஜும், இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு காலையும் போதும்.

அந்த ஞாயிறு காலையில் டிக்கியையும் திறந்து பாருங்கள். ஸ்டெப்னியில் சென்சார் பெரும்பாலும் இருக்காது, அது இறங்கிக் கிடப்பதை எந்த விளக்கும் சொல்லாது. அதற்கான அளவு அதன்மேலேயே அல்லது கதவு ஸ்டிக்கரில் இருக்கும். சில கார்களில் அது மற்ற நான்கைவிட மிகவும் அதிகம். சின்ன அளவு ஸ்டெப்னி என்றால் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது என்று மஞ்சள் தாள் ஒட்டியிருப்பார்கள். அதை மாட்டியதும் டயர் விளக்கு எரிந்தால், ரிப்பேர் ஆன சக்கரத்தைத் திரும்பப் போடும்வரை எரியட்டும்.